அண்ணல் தோற்ற தேர்தல்கள்

அண்ணல் அம்பேத்கர் மக்களவைக்கு இரண்டு முறை போட்டியிட்டார். 1952இல் பம்பாய் வடக்கில் ஒருமுறை, 1954 இடைத்தேர்தலில் பண்டாராவில் ஒருமுறை. இரண்டிலும் தோற்றார். அரசியல் சட்டத்தை வரைந்த குழுவின் தலைவர், நாட்டின் முதல் சட்ட அமைச்சர், அந்தச் சட்டத்தின் கீழ் நடந்த முதல் பொதுத்தேர்தலிலேயே வெல்ல முடியவில்லை. நமது படிப்பு வட்டங்களில் இதைச் சொல்லும்போது இளம் தோழர்கள் பலர் நம்ப மறுக்கிறார்கள். சிலைகளும் படங்களும் பெருகிவிட்ட காலத்தில் அந்தத் தோல்வி கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

மக்களவைத் தேர்தல் வந்துவிட்டால் ஒரே காட்சிதான். அலைபேசியைத் திறந்தால் கருத்துக்கணிப்பு. இந்தத் தேர்தலோடு எல்லாம் முடிந்துவிடும் என்று ஒரு தோழர் எழுதுகிறார். எந்தக் கட்சி வந்தாலும் சேரிக்கு ஒன்றுதான், நோட்டாவை அழுத்திவிட்டுப் போகலாம் என்று இன்னொருவர் எழுதுகிறார். இருவரின் கோபமும் நியாயமானது. ஆனால் இருவருமே நமது வரலாற்றை ஒரே ஒரு தேர்தலின் அளவுக்குச் சுருக்கிவிடுகிறார்கள். அதனால்தான் இப்போது அந்தப் பழைய தோல்விகளைப் பேச வேண்டியிருக்கிறது.

வாக்குரிமை நமக்கு யாரும் தட்டில் வைத்துக் கொடுத்ததல்ல. 1919 ஜனவரியில் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் சொன்னபோது அம்பேத்கருக்கு வயது 27. தீண்டத்தகாதோருக்கு அவர்களே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் வேண்டும், அவர்களுக்கான வாக்குரிமைத் தகுதியைக் குறைக்க வேண்டும் என்று அங்கே கேட்டார். ஏனென்றால் அன்றைக்கு நிலமோ வரியோ படிப்போ இருந்தால்தான் வாக்கு. நிலத்தையும் படிப்பையும் பறித்து வைத்துக்கொண்டு, அவை இல்லாதவருக்கு வாக்கும் இல்லை என்பது ஏற்பாடு. 1928இல் சைமன் குழு வந்தபோது அவருடைய கோரிக்கை இன்னும் தெளிவாக இருந்தது: வயது வந்த ஆண், பெண் அனைவருக்கும் வாக்கு. படிக்காதவனுக்கு வாக்கா என்று படித்தவர்கள் கேலி பேசிய காலம் அது. அந்தக் கேலி இன்றைக்கும் வேறு சொற்களில் வருகிறது. 'பிரியாணிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள்' என்று யார், யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து 1932. இந்த இடத்தில் இளம் தோழர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். இன்று நாம் தனித்தொகுதி என்று சொல்வது வேறு, அம்பேத்கரும் நம் ஊர் இரட்டைமலை சீனிவாசனும் லண்டன் வட்டமேசை மாநாட்டில் கேட்டது வேறு. அவர்கள் கேட்டது தனி வாக்காளர் தொகுதி. நமது பிரதிநிதியை நாம் மட்டுமே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது. 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு அதை அறிவித்தது. பொதுத்தொகுதியிலும் நமக்கு ஒரு வாக்கு உண்டு என்பதால்தான் அதற்கு இரட்டை வாக்குரிமை என்று பெயர். காந்தி எரவாடா சிறையில் சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி.ராஜாவும் அதில் கையெழுத்திட்டவர்கள்.

ஒப்பந்தத்தால் இடங்களின் எண்ணிக்கை கூடியது. சென்னை மாகாணத்தில் 18 என்றிருந்தது 30 ஆனது. ஆனால் தேர்ந்தெடுக்கும் கை மாறிவிட்டது. முதல் சுற்றில் தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் மட்டும் நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் யார் வெல்வது என்பதை இறுதிச் சுற்றில் தொகுதியின் எல்லா வாக்காளர்களும் முடிவு செய்வார்கள். எல்லாரும் என்றால் ஊர்த்தெருதான் பெரும்பான்மை.

இதன் விளைவு 1946 மாகாணத் தேர்தலில் முழுதாகத் தெரிந்தது. 1942இல் நாக்பூரில், நமது என்.சிவராஜ் தலைமை வகித்த மாநாட்டில் உருவான பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு, அன்றைய பேச்சில் 'பெடரேஷன்', நாடு முழுவதும் 2 இடங்களில் மட்டுமே வென்றது. வங்காளத்தில் ஜோகேந்திரநாத் மண்டல் ஒருவர், மத்திய மாகாணத்தில் ஒருவர். முதல் சுற்றில் நம் மக்கள் மட்டும் வாக்களித்த இடங்களில் பெடரேஷனுக்கு நல்ல ஆதரவு இருந்ததையும் இறுதிச் சுற்றில் அது காணாமல் போனதையும் அம்பேத்கர் எண்களோடு எடுத்துக்காட்டிக்கொண்டே இருந்தார். யாரும் கேட்கவில்லை. பம்பாயிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குப் போக வழியில்லாமல், மண்டல் எடுத்த முயற்சியால் வங்காளத்திலிருந்து அவர் உள்ளே போக வேண்டியிருந்தது. பிரிவினையில் அந்த இடமும் பறிபோனது. பிறகுதான் காங்கிரஸ் ஆதரவோடு பம்பாயிலிருந்து மீண்டும் வந்தார். அரசியல் சட்டத்தின் கதையை எல்லாரும் சொல்கிறார்கள். அதை எழுதியவர் அந்த அறைக்குள் நுழைய எத்தனை கதவுகளைத் தட்ட வேண்டியிருந்தது என்பதைச் சொல்வது குறைவு.

1951 செப்டம்பரில் இந்து சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டதும் அமைச்சர் பதவியை உதறினார். பெண்களுக்குச் சொத்திலும் மணவிலக்கிலும் உரிமை கேட்ட அந்த மசோதாவோடு, பட்டியல் சாதி மக்கள் புறக்கணிக்கப்படுவதும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அடுத்த மாதமே பொதுத்தேர்தல் தொடங்கிவிட்டது. 1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நடந்த தேர்தல் அது. ஏறத்தாழ 17 கோடியே 30 லட்சம் வாக்காளர்கள், 489 மக்களவை இடங்கள். தங்கள் பெயரைச் சொல்லாமல் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்று மட்டும் பதிந்திருந்ததால் ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து விடுபட்டார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

அம்பேத்கருக்கு அப்போது 60 வயது. நீரிழிவால் உடல் தளர்ந்திருந்தது. பெடரேஷனின் சின்னம் யானை. தேர்தல் அறிக்கையிலேயே இந்து மகாசபை, ஆர்.எஸ்.எஸ். போன்ற பிற்போக்கு அமைப்புகளோடு கூட்டில்லை என்று எழுதினார்கள். கம்யூனிஸ்ட் கட்சியோடும் இல்லை. பம்பாயில் சோசலிஸ்ட் கட்சியோடு உடன்பாடு வைத்தார்கள்.

பம்பாய் வடக்கு இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே தொகுதியிலிருந்து இருவர், ஒருவர் பொது இடத்துக்கு, ஒருவர் பட்டியல் சாதி இடத்துக்கு. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குச்சீட்டு. சீட்டில் முத்திரை குத்தும் வழக்கமெல்லாம் அந்தத் தேர்தலில் கிடையாது. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி வைத்திருப்பார்கள். விரும்பிய பெட்டியில் சீட்டைப் போட வேண்டியதுதான். இரண்டு சீட்டையும் இரண்டு வெவ்வேறு பெட்டிகளில் போட வேண்டும். ஒரே பெட்டியில் இரண்டையும் போட்டால் ஒன்று செல்லாது.

உடன்பாட்டின்படி பெடரேஷன் தொண்டர்கள் ஒரு சீட்டை யானைக்கும் மற்றொன்றைப் பொது இடத்துக்கு நின்ற சோசலிஸ்ட் அசோக் மேத்தாவுக்கும் போட வேண்டும். மேத்தாவின் ஆதரவாளர்கள் தங்கள் இரண்டாவது சீட்டை யானைக்குப் போட வேண்டும். முடிவு வந்தபோது காங்கிரஸின் நாராயண் கஜ்ரோல்கர் பெற்றது 1,38,137 வாக்குகள், அம்பேத்கர் பெற்றது 1,23,576. வித்தியாசம் 14,561. பொது இடத்தில் மேத்தாவும் தோற்றார். அந்தத் தொகுதியில் செல்லாதவை என்று ஒதுக்கப்பட்ட வாக்குகள் 74,000க்கும் மேல். கம்யூனிஸ்ட் தலைவர் டாங்கேயும் அங்கே ஒரு வேட்பாளர். வாக்குகளை வீணாக்கச் சொல்லிப் பிரசாரம் நடந்தது என்று அம்பேத்கரும் மேத்தாவும் தேர்தல் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு தள்ளுபடியானது.

நமது மேடைகளில் இந்தக் கதை 'துரோகம்' என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடுகிறது. கஜ்ரோல்கர் துரோகி, டாங்கே துரோகி, நேரு துரோகி. இப்படிச் சொல்லி முடித்துவிட்டால் கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சாது. கஜ்ரோல்கரும் தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர்தான், தோல் தொழில் செய்த சம்பார் சாதிக்காரர். மகர் வாக்கும் சம்பார் வாக்கும் பிரிந்ததுதான் காரணம் என்றும் ஒரு விளக்கம் உலவுகிறது. அதே தேர்தலில் சோலாப்பூரில் பெடரேஷன் சார்பில் வென்ற பி.என்.ராஜ்போஜும் சம்பார்தான் என்பது அந்த விளக்கத்தில் அடங்கவில்லை. எண்களைப் பாருங்கள். அம்பேத்கருக்கு விழுந்தவை ஒன்றேகால் லட்சத்துக்கு நெருக்கமான வாக்குகள். அவருடைய மக்கள் அவரைக் கைவிடவில்லை. நம்மில் யார் நமக்குப் பிரதிநிதி என்பதை முடிவு செய்யும் உரிமை நம்மிடம் இல்லை. தோற்கடித்தது அந்த ஏற்பாடு. 1932இல் அவர் எச்சரித்தது 1952இல் அவருக்கே நடந்தது.

பெடரேஷனுக்கு நாடு முழுவதும் கிடைத்த மக்களவை இடங்கள் இரண்டு. சோலாப்பூரில் ராஜ்போஜ், ஐதராபாத் மாநிலத்தின் கரீம்நகரில் எம்.ஆர்.கிருஷ்ணா.

1952லேயே பம்பாய் சட்டமன்றத்தின் வழியாக அம்பேத்கர் மாநிலங்களவைக்குச் சென்றார். இரண்டு ஆண்டு கழித்துப் பண்டாரா இடைத்தேர்தல் வந்தது, அதுவும் இரட்டைத் தொகுதி, அங்கும் அசோக் மேத்தாவோடு உடன்பாடு. இந்த முறை மேத்தா வென்றார். அம்பேத்கர் 8,000 சொச்சம் வாக்குகளில் தோற்றார். இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒரே நாள், ஒரே வாக்குச்சாவடி, ஒரே கூட்டணி. கூட்டணியின் ஒரு கால் கரையேறியது, மறு கால் சேற்றில் நின்றது. சேரியின் இரண்டாவது சீட்டு மேத்தாவுக்குப் போன அளவுக்கு ஊரின் இரண்டாவது சீட்டு சேரிக்காரருக்கு வரவில்லை என்பதைத் தவிர வேறு எப்படி இதைப் படிப்பது? கூட்டணிக் கட்சியின் வாக்கு 'மாறி விழுமா' என்று ஒவ்வொரு தேர்தலிலும் தொலைக்காட்சியில் கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்கு நம் வரலாற்றில் வயது 70க்கு மேல்.

அந்தத் தேர்தலின்போது தொண்டர்கள் அவரிடம் ஒரு யோசனை சொன்னதாக அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். நம் மக்கள் இரண்டாவது வாக்கை யாருக்கும் போடாமல் விட்டால் நமது வெற்றி எளிதாகும் என்பது யோசனை. அவர் மறுத்துவிட்டார். வாக்கை வீணாக்கச் சொல்வதைவிடத் தோற்பதே மேல் என்பது அவர் நிலை. நோட்டா பற்றி வாதம் செய்யும் தோழர்கள் இதையும் வாதத்தில் சேர்த்துக்கொள்ளட்டும். நோட்டாவை அழுத்துவது குற்றம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அம்பேத்கரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வாக்கைக் கைகழுவ முடியாது.

தோல்விக்குப் பிறகு அவர் வாக்குரிமையைக் குறை சொல்லவில்லை. அந்த வாக்கு எந்தக் குழாய் வழியாகப் போகிறது என்று கேட்டார். 1955 ஆகஸ்டில் பெடரேஷனின் செயற்குழு, சட்டமன்றங்களிலும் நாடாளுமன்றத்திலும் உள்ள தனித்தொகுதிகளை நீக்கிவிடலாம் என்றே தீர்மானம் போட்டது. நமது ஒதுக்கீட்டை நாமே வேண்டாம் என்பதா என்று இன்று கேட்டால் அதிர்ச்சியாக இருக்கும். அது கல்வி, வேலை ஒதுக்கீட்டைப் பற்றியதல்ல. ஊர் பொறுக்கியெடுக்கும் பிரதிநிதி நமக்குப் பிரதிநிதியா என்ற கேள்வி அது. இன்றைக்குத் தனித்தொகுதியை நீக்குவது நமக்கு நல்லதா என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு, அது இருக்கட்டும். மக்களவையின் 543 இடங்களில் 84 பட்டியல் சாதிக்கு. தமிழ்நாட்டின் 39இல் 7. மீதி 32 பொதுத்தொகுதிகள். பெரிய கட்சிகளின் வேட்பாளர் பட்டியலை எடுத்து, அந்த 32இல் நம்மவர் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பொதுத்தொகுதி என்ற பெயருக்குப் பொருள் விளங்கும்.

பொதுத்தொகுதி என்றால் 'அவர்கள் தொகுதி' என்ற எண்ணம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு 1957இல் ஆந்திரத்தில் ஒரு வழக்கே நடந்தது. பார்வதிபுரம் இரட்டைத் தொகுதி, ஒரு பொது இடம், ஒரு பழங்குடியினர் இடம். பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி.கிரி பொது இடத்துக்கு நின்றார். எண்ணி முடித்தபோது முதல் இரண்டு இடங்களிலும் பழங்குடி வேட்பாளர்களே வந்திருந்தார்கள். பி.சத்தியநாராயணா ஒதுக்கீட்டு இடத்துக்கும் திப்பல சூரி தோரா பொது இடத்துக்கும் தேர்வானதாக அறிவித்தார்கள். கிரி 565 வாக்குகளில் தோற்றார். பழங்குடி இடத்துக்கென நின்றவர் பொது இடத்தை எப்படி எடுக்கலாம் என்று வழக்குப் போட்டார். 1959இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பொது இடம் எல்லாருக்கும் பொது, அதிக வாக்குப் பெற்றவர் எடுக்கலாம் என்பது தீர்ப்பின் சாரம்.

சரியாக இரண்டே ஆண்டுகள். 1961இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகளை ஒழித்து நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அந்தத் தொகுதிகள் மிகப் பெரியவை, நிர்வாகம் சிரமம் என்று காரணங்கள் சொன்னார்கள். அவை பொய்யான காரணங்கள் அல்ல. ஆனால் அம்பேத்கர் அந்த ஏற்பாட்டில் தோற்றபோது யாருக்கும் அவசரம் வரவில்லை என்பதையும் நாம் குறித்து வைத்துக்கொள்கிறோம்.

தமிழ்நாட்டில் நமக்கு வாக்குச்சீட்டின் விலை பின்னால்தான் முழுதாகத் தெரிந்தது. மேலவளவு ஊராட்சி தனித்தொகுதியாக்கப்பட்டதற்காகவே, தேர்தலில் வென்ற தலைவர் முருகேசனோடு ஆறு பேரை 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை பத்தாண்டுகள் தேர்தலையே நடத்த விடவில்லை. தேர்தல் புறக்கணிப்பைக் கொள்கையாக வைத்திருந்த விடுதலைச் சிறுத்தைகள் 1999இல் முதன்முதலாகச் சிதம்பரத்தில் களமிறங்கியபோது, சேரிகள் தாக்கப்பட்டன, வீடுகள் எரிந்தன, பல இடங்களில் நம் மக்களால் வாக்குச்சாவடியை நெருங்கவே முடியவில்லை. அப்படியும் திருமாவளவன் 2 லட்சத்துக்கும் மேல் வாக்குகள் பெற்றுத் தோற்றார். அதே தொகுதியில் 2009இல் வென்றார். 2019இல் வென்றபோது வித்தியாசம் வெறும் 3,219. வாக்கால் ஒன்றும் ஆகாது என்று நம்மில் சிலர் நினைக்கலாம். வீட்டைக் கொளுத்தியவர்கள் அப்படி நினைக்கவில்லை.

பெடரேஷனின் கதைக்குத் திரும்புவோம். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். தேர்தலில் அவரைத் தோற்கடித்த எந்தக் கட்சியாலும் அந்த மைதானத்தைக் கூட்டியிருக்க முடியாது. டிசம்பர் 6 அன்று மறைந்தார். அடுத்த சில மாதங்களில் 1957 தேர்தல். தலைவர் இல்லை, பணம் இல்லை. ஆனால் மராத்தி பேசும் மக்களுக்குத் தனி மாநிலம் கேட்ட சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டத்தில் தோளோடு தோள் நின்றிருந்தார்கள். அதன் பலனாகப் பல இடங்களில் வென்றார்கள். நாசிக்கில் தாதாசாகேப் கெய்க்வாட் வென்றார். 1930இல் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டத்தை முன்னின்று நடத்திய அதே கெய்க்வாட், அதே நாசிக். இங்கே செங்கல்பட்டிலிருந்து என்.சிவராஜ் மக்களவைக்குப் போனார். அந்த ஆண்டு அக்டோபரில் பெடரேஷன் கலைந்து இந்தியக் குடியரசுக் கட்சி பிறந்தபோது அவர்தான் முதல் தலைவர்.

1962 தேர்தலில் மீண்டும் சரிவு. குடியரசுக் கட்சிக்கு மக்களவையில் 3 இடங்கள், மூன்றும் உத்தரப் பிரதேசத்தில். பிறந்த மண்ணான மகாராஷ்டிரத்தில் ஒன்றுகூட இல்லை. கெய்க்வாட் மாநிலங்களவைக்குத்தான் போக முடிந்தது. அன்றைக்கு முகநூல் இருந்திருந்தால் அம்பேத்கர் இயக்கம் முடிந்தது என்று ஆயிரம் பதிவுகள் வந்திருக்கும்.

இரண்டு ஆண்டு கழித்து, 1964 டிசம்பர் 6, அண்ணலின் நினைவு நாளில், அதே கட்சி நாடு தழுவிய நிலப் போராட்டத்தைத் தொடங்கியது. தரிசு நிலத்தையும் உபரி நிலத்தையும் நிலமற்றவர்களுக்குக் கொடு என்பது முதன்மைக் கோரிக்கை. தாழ்த்தப்பட்டவர்கள் மட்டுமல்ல, பிற சாதி நிலமற்றோரும் வந்தார்கள். பெண்கள் கைக்குழந்தைகளோடு சிறை போனார்கள். சில வாரங்களுக்குள் சிறை சென்றவர்கள் 3 லட்சத்தைத் தாண்டினார்கள். இடம் போதாமல் அரசு பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்தது. மக்களவையில் 3 பேரை வைத்திருந்த கட்சி அது.

அந்தப் போராட்டத்தின் கோரிக்கைப் பட்டியலில் நிலம், கூலி, தானிய விலை ஆகியவற்றோடு இன்னொன்றும் இருந்தது: நாடாளுமன்ற மைய மண்டபத்தில் அம்பேத்கரின் படத்தை வைக்க வேண்டும். இரண்டு முறை நின்றும் மக்களவைக்குள் போக முடியாதவரின் படம். அது அங்கே திறக்கப்பட்டது 1990 ஏப்ரலில்.